நடுராத்திரியில் கொட்டும் ஐடியாக்கள்: பைபோலார் நோய் படைப்பாற்றலைத் தருகிறதா, பறிக்கிறதா?

1854-ம் ஆண்டு, பிப்ரவரி 17. ஜெர்மனியின் டூசல்டோர்ஃப் நகரம். ராபர்ட் ஷூமன் என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளர் நடுராத்திரியில் படுக்கையை விட்டு எழுந்து, ஒரு மெட்டை வேகவேகமாக எழுதத் தொடங்கினார். அது தன்னுடைய மெட்டு அல்ல, தேவதைகள் தன் காதில் பாடியது என்று அவர் நம்பினார்.

சில மணி நேரத்தில் எல்லாம் தலைகீழானது. தேவதைகளின் குரல் பேய்களின் குரலாக மாறியது. புலிகளும் கழுதைப்புலிகளும் தன்னைப் பிடிக்க வருவதாகச் சொல்லி அலறினார். பத்து நாள் கழித்து, பிப்ரவரி 27 அன்று, யாருக்கும் தெரியாமல் வீட்டை விட்டு வெளியேறி ரைன் நதியில் குதித்துவிட்டார். படகில் இருந்தவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள். அதன்பிறகு பான் நகருக்கு அருகே உள்ள எண்டனிஷ் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட ஷூமன், வீடு திரும்பவே இல்லை. 1856 ஜூலையில், 46 வயதில் அங்கேயே இறந்தார்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. தேவதைகள் பாடியதாக ஷூமன் நினைத்த அந்த மெட்டு புதியது கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டு அவரே எழுதிய வயலின் இசைப் படைப்பு ஒன்றில் கிட்டத்தட்ட அதே மெட்டு இருக்கிறது. தன் சொந்த மெட்டையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பைபோலார் இருக்கிறவங்க எல்லாம் ஜீனியஸ்" என்று சமூக வலைதளங்களில் அடிக்கடி பார்க்கிறோம். நோயில் இருந்து மீண்டவர்களிலும் சிலர், "அந்த நேரத்துல வந்த ஐடியா மாதிரி இப்ப வர்றதில்லை" என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த எண்ணங்கள் உண்மையில் என்ன? அறிவியல் என்ன சொல்கிறது?

பைபோலார் என்றால் என்ன?

தமிழில் இருமுனை மனநிலைக் கோளாறு. ஒரு முனையில் 'மேனியா' எனப்படும் அதீத எழுச்சி. மறுமுனையில் ஆழமான மனச்சோர்வு. இரண்டுக்கும் நடுவே, மனநிலை சாதாரணமாக இருக்கும் காலமும் பலருக்கு உண்டு. ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேபெலின் 1899-ல் இந்த இரண்டையும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று வகைப்படுத்தினார்.

"காலையில சிரிக்கிறான், சாயங்காலம் கோபப்படுறான், இவனுக்கு பைபோலார்" என்று கிண்டலாகச் சொல்வது தவறு. இது மணிக்கு மணி மாறும் மூட் கிடையாது. மருத்துவ வரையறைப்படி, மேனியா என்று சொல்ல அறிகுறிகள் குறைந்தது ஒரு வாரம் நீடிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தீவிரமாக இருந்தால் இந்தக் கால அளவு பொருந்தாது. அதைவிட மிதமான 'ஹைப்போமேனியா' குறைந்தது நான்கு நாட்களும், மனச்சோர்வு குறைந்தது இரண்டு வாரங்களும் இருக்கும். கூடவே தூக்கம், பேச்சு, செலவு, வேலை, உறவு என எல்லாமே மாறும்.

2019-ல் உலகம் முழுவதும் சுமார் 4 கோடி பேர் பைபோலாருடன் வாழ்ந்ததாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ, இருபதுகளிலோ தலைகாட்டும் நோய் இது. அதாவது படிப்பு முடிந்து வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை தொடங்கும் வயது.

எண்ணங்கள் ஏன் விசித்திரமாக மாறுகின்றன?

மேனியா ஆரம்பிக்கும்போது முதலில் குறைவது தூக்கம். மூன்று மணி நேரம் தூங்கினாலும் களைப்பே தெரியாது. தூக்கம் வராமல் தவிப்பது வேறு, இது வேறு. இங்கே தூக்கம் தேவை என்றே தோன்றாது. அடுத்து, எண்ணங்களின் வேகம் கூடும். ஒரு எண்ணம் முடியும் முன்பே அடுத்தது வந்துவிடும். வாய் அதைத் துரத்திப் பிடிக்க ஓடும். எதிரில் இருப்பவர் குறுக்கே ஒரு வார்த்தை பேச முடியாது.

வேகம் இன்னும் கூடும்போது, எண்ணங்கள் பொருளை விட்டு ஓசையைப் பிடித்துக்கொள்ளும். 'மலை' என்று பேச ஆரம்பித்தவர் 'மாலை' என்பார், அங்கிருந்து 'வேலை', அங்கிருந்து 'வேலன்', உடனே முருகன் கோயில் என்று போய்க்கொண்டே இருப்பார். கேட்பவருக்கு முதலில் கவிதை போலத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் எங்கே போகிறார் என்றே புரியாது.

அடுத்த கட்டம், எல்லாவற்றிலும் ஓர் அர்த்தம் தெரிவது. எதிரே வரும் பஸ்ஸின் நம்பர், சுவரில் இருக்கும் போஸ்டர், டிவியில் செய்தி வாசிப்பவரின் பார்வை என எல்லாமே தனக்கென்றே அனுப்பப்பட்ட ரகசியத் தகவலாகத் தெரியும். "இந்த உலகத்தை மாத்தப் போற ஃபார்முலா என்கிட்ட இருக்கு", "கடவுள் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கார்" என்ற நம்பிக்கைகள் வரலாம். தீவிர மேனியாவில் இல்லாத குரல்களும் கேட்கலாம்.

நம் மூளை ஒவ்வொரு நொடியும் ஏராளமான விஷயங்களைப் பார்க்கிறது, கேட்கிறது. அதில் பெரும்பாலானவற்றை "இது முக்கியமில்லை" என்று ஒதுக்கிவிடுகிறது. எது முக்கியம் என்று முத்திரை குத்துவதில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. மேனியாவில் இந்த முத்திரை கண்டபடி விழுகிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று. டோபமைனின் செயல்பாட்டைத் தடுக்கும் மருந்துகள் மேனியாவைத் தணிப்பது இதற்கு வலு சேர்க்கிறது.

இங்கே புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஐடியா வருவது மட்டும் நோயின் வேலை அல்ல. "இது அற்புதமான ஐடியா" என்ற அந்த அசைக்க முடியாத உறுதியும் நோயின் அறிகுறிதான். ஐடியாவைத் தரும் மூளையும், அதற்கு மார்க் போடும் மூளையும் ஒன்றுதானே! இரண்டும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும்போது, எல்லா ஐடியாவும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுகிறது.

ஒரு டஜன் பாம்புக்கடி பெட்டிகள்

கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். பைபோலார் பற்றிய முக்கியமான மருத்துவப் பாடநூலை எழுதியவர்களில் ஒருவர். அவருக்கும் பைபோலார் உண்டு. அதை 1995-ல் வெளியான தன் சுயசரிதையில் வெளிப்படையாக எழுதினார்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இளம் விரிவுரையாளராக இருந்தபோது அவருக்குத் தீவிர மேனியா வந்தது. ஊரில் பாம்புகள் பெருகப் போகின்றன, மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உறுதியாக நம்பினார். மருந்துக்கடைக்குப் போய் ஒரு டஜன் பாம்புக்கடி முதலுதவிப் பெட்டிகளை வாங்கினார். அந்த நிமிடத்தில் அது மிக அவசரமான, மிகத் தெளிவான யோசனையாக அவருக்குப் பட்டது. மேனியா வடிந்த பிறகு மிஞ்சியவை கடன் பாக்கிகளும், அவமானமும், நீண்ட மனச்சோர்வும்தான். அந்த மனச்சோர்வில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார்.

மனச்சோர்வு நிலையிலும் எண்ணங்கள் திரிந்துபோகும். ஆனால் திசை வேறு. "நான் எல்லாருக்கும் பாரம்", "என்னாலதான் குடும்பமே நாசமாச்சு" என்ற எண்ணங்கள் அதே அசைக்க முடியாத உறுதியோடு வரும். இரண்டு முனைகளும் கலந்து வரும் 'கலப்பு நிலை' இன்னும் ஆபத்தானது. மனம் முழுக்க இருட்டு, உடலிலும் எண்ணத்திலும் மேனியாவின் வேகம். தற்கொலை அபாயம் அதிகமாக இருப்பது இப்போதுதான் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

படைப்பாற்றலுக்கும் பைபோலாருக்கும் தொடர்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால் சினிமாவில் காட்டுவது போல நேரடியானது அல்ல.

1987-ல் அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன், ஐயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறையைச் சேர்ந்த 30 எழுத்தாளர்களையும், வேறு துறைகளைச் சேர்ந்த 30 பேரையும் ஒப்பிட்டார். எழுத்தாளர்களில் 80 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் மனநிலைக் கோளாறு இருந்தது. மற்றவர்களில் அது 30 சதவீதம். இன்றும் பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வு இது. ஆனால் வெறும் 30 பேர்தான், பேட்டி எடுத்தவருக்கு யார் எழுத்தாளர் என்பது முன்பே தெரியும் என்ற விமர்சனங்களும் உண்டு.

அதைவிடப் பெரிய ஆய்வுகள் ஸ்வீடனில் நடந்தன. கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த சைமன் கியாகா குழுவினர் 2011-ல் மூன்று லட்சம் நோயாளிகளின் பதிவுகளையும், 2013-ல் நோயாளிகளும் உறவினர்களுமாகச் சுமார் 12 லட்சம் பேரின் பதிவுகளையும் ஆராய்ந்தனர். கலை, எழுத்து, அறிவியல் போன்ற படைப்புத் துறைகளில் பைபோலார் உள்ளவர்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தனர்.

இதே ஆய்வுகளில் இன்னொரு தகவலும் கிடைத்தது. பைபோலார் உள்ளவர்களின் அண்ணன், தங்கை, பெற்றோர், பிள்ளைகள் என, நோய் இல்லாத நெருங்கிய உறவினர்களும் இந்தத் துறைகளில் கூடுதலாக இருந்தனர். அதாவது, குடும்பத்தில் ஓடும் ஏதோ ஒரு இயல்பு படைப்பாற்றலுக்கு உதவலாம். அதற்கு நோய் வந்தே ஆக வேண்டும் என்று இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பைபோலார் உள்ளவர்களில் பெரும்பாலானோர் கலைஞர்கள் அல்ல. கலைஞர்களில் பெரும்பாலானோருக்கு பைபோலார் கிடையாது.

ஷூமனின் கணக்கு சொல்வது என்ன?

மேனியாவில் வரும் படைப்புகள் உண்மையிலேயே சிறந்தவையா? இதைச் சோதித்துப் பார்க்க ஷூமனின் வாழ்க்கையே ஆய்வாளர்களுக்கு உதவியது.

ஷூமனின் உற்சாக காலங்களும் சோர்வு காலங்களும் அவரது கடிதங்களிலும் பிற ஆவணங்களிலும் பதிவாகியிருக்கின்றன. 1840-ல் மட்டும் 100-க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதிக் குவித்தார். 1849-ம் அதேபோல அமோகமான ஆண்டு. நடுவே 1844-ல் கடும் மனச்சோர்வு, எழுதி முடித்தது கிட்டத்தட்ட எதுவும் இல்லை.

மேனியா படைப்பாற்றலை வளர்க்கலாம் என்ற கருத்து கிரேபெலின் காலத்திலேயே உண்டு. அதை 1994-ல் உளவியலாளர் ராபர்ட் வைஸ்பெர்க் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு ஆண்டும் ஷூமன் எழுதிய படைப்புகளை எண்ணினார். அவற்றின் தரத்தை அளக்க, ஒவ்வொரு படைப்பும் பிற்காலத்தில் எத்தனை முறை இசைத்தட்டாகப் பதிவு செய்யப்பட்டது என்பதை எடுத்துக்கொண்டார். காலம் கடந்தும் கலைஞர்கள் விரும்பி வாசிப்பதே நல்ல படைப்பு என்பது அவரது அளவுகோல்.

முடிவு என்ன? எழுச்சியான ஆண்டுகளில் எண்ணிக்கை பல மடங்கு கூடியது உண்மை. ஆனால் சராசரி தரம் கூடவில்லை. உற்சாகம் அவரை அதிக நேரம் வேலை செய்ய வைத்தது, கூடுதல் திறமையைக் கொடுக்கவில்லை. 1840-ன் உற்சாகத்துக்கு நோய் மட்டும்தான் காரணமா என்பதும் கேள்விதான். பெண்ணின் அப்பா சம்மதிக்காததால் கோர்ட் வரை போய் அனுமதி வாங்கி, காதலி கிளாராவை ஷூமன் கைப்பிடித்த ஆண்டும் அதுதான்!

ஷூமனுக்கு இருந்தது பைபோலார்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடைசிக் கால பாதிப்புக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. இறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன ஒருவருக்கு உறுதியான நோயறிதல் சாத்தியமில்லை. ஆனால் ஒன்று தெளிவு. நோய் முற்றியபோது அவரது இசை வளரவில்லை, நின்றுபோனது.

'மாத்திரை போட்டா கற்பனை போயிடுமா?'

பைபோலார் உள்ள பலரும் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி இது. சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றும்கூட.

பைபோலார் சிகிச்சையில் இன்றும் முக்கியமான மருந்து லித்தியம். இது மேனியாவைத் தணிப்பதை 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்தார். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌ, லித்தியம் எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களிடம் அவர்களது படைப்புப் பணி எப்படி மாறியது என்று விசாரித்து, 1979-ல் முடிவுகளை வெளியிட்டார். 12 பேர் முன்பைவிட அதிகம் படைப்பதாகச் சொன்னார்கள். 6 பேர் எந்த மாற்றமும் இல்லை என்றார்கள். மீதி 6 பேர் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

சிறிய ஆய்வுதான். ஆனாலும் நான்கில் மூன்று பேருக்கு மருந்து தடையாக இல்லை. காரணம் எளிது. மருந்து இல்லாமல் இருந்தபோது அவர்களின் மாதங்களை மனச்சோர்வும் மருத்துவமனையும் தின்றுகொண்டிருந்தன.

அதேநேரம் அந்த 6 பேர் சொன்னதையும் ஒதுக்கிவிட முடியாது. லித்தியத்தால் சிலருக்குக் கை நடுக்கம், அதிக தாகம், எடை கூடுதல், மந்தமான உணர்வு வரலாம். ஓவியம் வரைபவருக்கோ வீணை வாசிப்பவருக்கோ கை நடுக்கம் சின்ன விஷயம் இல்லை. ஜேமிசனுக்கே ஆரம்பத்தில் அதிக டோஸ் காரணமாகப் புத்தகம் படிப்பது சிரமமாக இருந்தது. பின்னர் டோஸ் குறைக்கப்பட்டபோது படிக்கும் திறன் திரும்பியது. "மந்தமா இருக்கு டாக்டர்" என்று வாய்விட்டுச் சொன்னால் டோஸை மாற்றவோ, வேறு மருந்துக்குப் போகவோ வழி உண்டு. சொல்லாமல் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பலாம், தற்கொலை அபாயமும் கூடும்.

லித்தியம் எடுப்பவர்கள் ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும். வாந்தி, பேதி, கடும் வெயிலால் உடலில் நீர் குறைந்தால் லித்தியத்தின் அளவு ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் தானாக வாங்கிப் போடுவதும் அதே ஆபத்தை உண்டாக்கலாம்.

ஐடியா கொட்டும்போது என்ன செய்யலாம்?

பைபோலார் உள்ளவர்களுக்கான உளவியல் சிகிச்சையில் சில எளிய விதிகள் கற்றுத் தரப்படுகின்றன.

* எழுதி வையுங்கள், உடனே செய்யாதீர்கள். வேலையை விடுவது, கடன் வாங்குவது, பெரிய தொகை செலவழிப்பது என எதுவாக இருந்தாலும் 48 மணி நேரம் தள்ளிப்போடுங்கள். நல்ல ஐடியா என்றால் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகும் நல்லாத்தான் இருக்கும்.
* நம்பிக்கையான இரண்டு பேரிடம் கேளுங்கள். இருவரும் வேண்டாம் என்றால் நிறுத்துங்கள்.
* தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். ஓரிரு இரவு தூக்கம் கெடுவதே சிலருக்கு மேனியாவைக் கிளப்பிவிடும். நைட் ஷிப்ட், தேர்வுக்கால விழிப்பு, பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை.
* மது, கஞ்சா வேண்டாம்.
* மனச்சோர்வுக்காக மருத்துவரிடம் போகும்போது, இதற்கு முன் அதீத உற்சாகமாக இருந்த நாட்களையும் சொல்லுங்கள். பைபோலார் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மேனியா வரலாம்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியது

தூக்கம் திடீரெனக் குறைவது, பேச்சு வேகமாவது, வழக்கத்தை மீறிய செலவு, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், ஒரே நேரத்தில் பத்து வேலையைத் தொடங்குவது. இவை சேர்ந்து வந்தால் "திமிரு", "காத்து கருப்பு" என்று நாட்களைக் கடத்தாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மேனியாவில் இருப்பவரிடம் "உன் நம்பிக்கை பொய்" என்று வாதாடி ஜெயிக்க முடியாது. கேலி செய்வதும் கூடாது. "ரெண்டு நாளா நீ தூங்கவே இல்லப்பா, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று தூக்கத்தைச் சொல்லி அழைப்பது பல நேரம் பலன் தரும். அவர் நலமாக இருக்கும்போதே, "திரும்ப வந்தா ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்கணும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று பேசி முடிவு செய்துவைப்பது இன்னும் நல்லது.

இந்தியாவில் 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பைபோலார் உள்ளவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் ஆகியவற்றில் மனநலச் சிகிச்சை கிடைக்கிறது.

ஷூமன் காப்பகத்தில் இருந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, மனைவி கிளாரா அவரைப் பார்க்க மருத்துவர்கள் அனுமதிக்கவில்லை. இறப்பதற்கு இரண்டு நாட்கள் முன்புதான் கிளாரா அவரைச் சந்தித்தார். லித்தியம் வர இன்னும் 90 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. இன்று மருந்து இருக்கிறது, ஆலோசனை இருக்கிறது, வீட்டில் இருந்தபடியே வேலையைத் தொடரவும் வழி இருக்கிறது.

உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கோ தற்கொலை எண்ணம் வந்தாலும், மனநல உதவி தேவைப்பட்டாலும், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.